அப்பா பேருக்கு ஒரு கம்பல்சரி ஊசி

இதைப் படிக்கிறவர்களில் எழுபதைத் தாண்டியவர்கள் தயவுசெய்து இடது தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். காலணா அகலத்துக்கு ஒரு தழும்பு தட்டுப்பட்டால் நீங்கள் நம்ம ஆள். அது அம்மைக் குத்து. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. தழும்பே வைக்காமல் போன இன்னொரு ஊசியைப் பற்றியும், அந்த ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்த ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றியும் சொல்ல வந்தேன்.

சொல், 'கம்பல்சரி'. இன்றைக்கு அது மிகவும் இளைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "ஆன்ட்டி, கம்பல்சரியா வரணும்" என்கிறான். போகாவிட்டால் என்ன செய்துவிடுவான்? ஒன்றும் செய்ய மாட்டான். நான் வரவில்லை என்பதையே கவனிக்க மாட்டான். நம் காலத்தில் அந்தச் சொல்லுக்கு மீசை இருந்தது.

பழனி அடிவாரத்தில், குதிரை வண்டிகள் நிற்கிற இடத்துக்கு எதிரே அப்பா கிளப்புக் கடை வைத்திருந்தார். கிளப்பு என்றதும் சீட்டாட்டத்தை நினைக்காதீர்கள். காலையில் இட்லி, மதியம் இலைச் சாப்பாடு, அவ்வளவுதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கொல்லையில் நின்றால் கொடைக்கானல் மலை நீலமாகப் படுத்திருக்கும். அணா போய் நயாபைசா வந்த புதிது. அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. அக்கா எட்டாம் வகுப்பு. அந்த வருஷம் அரசாங்கப் பரீட்சை. நான் ஐந்தாம் வகுப்பு. வாய் மட்டும் காலேஜ். ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு அப்பா என்னை 'ஏலே' என்று கூப்பிடுவார். அக்காவை 'ஆத்தா' என்பார். இதிலேயே எங்கள் இருவர் குணமும் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

பங்குனி உத்திரம் வந்தால் ஊர் மூன்று மடங்கு வீங்கிவிடும். மொட்டைத் தலையும் சந்தனமும், காவடி மணியும், வியர்வையும் திருநீறும் கலந்த ஒரு வாசனையுமாகத் தெருவே நகர்ந்துகொண்டிருக்கும். ஆனால் காவடிக்கு முன்னால் சுகாதாரத்துறை ஜீப் வந்துவிடும். அதன் தலையில் கட்டிய குழாய் கத்தும்: "காலரா ஊசி கம்பல்சரி! யாத்ரீகர்களுக்குக் கம்பல்சரி! சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குக் கம்பல்சரி!"

தமிழில் 'கட்டாயம்' என்று ஒரு சொல் இல்லாமல் இல்லை. ஆனால் அது அம்மாவின் சொல். கட்டாயம் எண்ணெய் தேய்ச்சுக்க, கட்டாயம் கஷாயத்தைக் குடி. அதற்கு யார் பயந்தார்கள்? கம்பல்சரி அப்படியில்லை. அது ஜீப்பில் வந்தது. காக்கி போட்டிருந்தது. ஒரு வார்த்தையைக் கண்டு நான் மயங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் எங்கே அது காதில் விழுந்தாலும் பொறுக்கிக்கொள்ள ஆரம்பித்தேன், மற்றப் பிள்ளைகள் புளியமுத்துப் பொறுக்குகிற மாதிரி.

பள்ளிக்கூடத்தில் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. எங்கள் பெரிய டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எட்டாம் வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "கணக்கு கம்பல்சரி. தையல் எப்படிப் போனாலும் பரவாயில்ல. கணக்குல ஒக்காரலைன்னா மத்த எல்லாத்துலயும் நூறு வாங்கினாலும் ஃபெயில்தான். ஞாபகம் வெச்சுக்கங்க." ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே ஒரு செங்கல்லை உருவினால் வீடே விழுந்துவிடும் என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது!

கொடைக்கானலிலிருந்து மாமா வந்தபோது இன்னொரு மாதிரி. அம்மாவின் தம்பி. மலை மேல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. ஒவ்வொரு பங்குனிக்கும் மாமியார் ஊரான பள்ளங்கியிலிருந்து மலைப்பூண்டு ஒரு மூட்டை கட்டிக்கொண்டு இறங்குவார். பழனி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். கழற்றினால் அவர் கொடைக்கானல் ஆள் என்று எப்படித் தெரியும்?

"எங்க ஸ்கூல்ல எல்லாமே கம்பல்சரி மருமகளே" என்றார், காலை நீட்டிக்கொண்டு. "ஸ்வெட்டர் கம்பல்சரி. சாயங்காலம் வெளாட்டு கம்பல்சரி. ஞாயித்துக்கெழம அப்பன் ஆத்தாளுக்கு லெட்டர் எழுதறது கம்பல்சரி. மத்தியானம் சாப்ட்டு ஒரு மணி நேரம் படுக்கணும். அதுவும் கம்பல்சரி."

"தூக்கம் வரலைன்னா மாமா?"

"கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கணும்."

"ஒங்களுக்கும் உண்டா?"

"நான் படுத்துட்டா ராத்திரிக்கு யாரு அடுப்பு மூட்டுறது? எனக்கு முழிச்சிருக்கறது கம்பல்சரி."

அக்கா சிரிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைகளுக்கும் அங்க ஹைஸ்கூல் உண்டா மாமா?" என்று கேட்டாள்.

"வெள்ளக்காரப் பிள்ளைக ஸ்கூல விடு. நம்ம பிள்ளைக படிக்கறதுக்குச் சாமியார் அம்மாக்க நடத்துற கான்வென்ட்டு ஒண்ணு இருக்கு. மலைக்கே வந்துரு, சேத்து விடறேன்" என்று மாமா சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே பூண்டைப் பற்றிப் பேசப் போய்விட்டார். பெரியவர்கள் இப்படித்தான். தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தச் சொல்லால் நான் பட்ட ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வீடு தள்ளித் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவருக்குக் 'கம்பல்சரி ரிட்டயர்மெண்ட்' கொடுத்துவிட்டார்கள் என்று கடையில் நாலு பேர் குரலைத் தணித்துப் பேசிக்கொண்டார்கள். குரலைத் தணித்தது எனக்கு உறைக்கவில்லை. கம்பல்சரி என்றதுதான் காதில் விழுந்தது. ஆகா, நம் தெருவுக்கே கம்பல்சரி வந்துவிட்டது என்று, கொல்லையில் இருந்த நாலு செவ்வந்தியைப் பறித்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, "சந்தோஷம் மாமா" என்றேன். அவர் பூவைத் திண்ணையில் வைத்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு கல்கண்டு எடுத்து வந்து கொடுத்து, "நீ ஒருத்தியாவது வந்தியே தாயி" என்றார். அது வேலையை விட்டு அனுப்புகிற தண்டனை என்பதும், அந்த வாரம் அவர் வீட்டுப் படியை மிதித்த ஒரே ஆள் நான்தான் என்பதும் எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது. கல்கண்டு நன்றாக இருந்தது. அதை மட்டும் அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

இப்போது ஊசிக்கு வருகிறேன்.

அப்பா ஆறடி ஆள். கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் துணி வைக்காமல் தூக்குவார். குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிறவனை ஒரு கையால் இடுப்பில் அள்ளித் தெருவில் வைத்துவிட்டு, மறு கையால் மோர் ஊற்றிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் ஊசி என்ற பேச்சை எடுத்தால் அரிசிச் சாக்கு மறைவுக்குப் போய்விடுவார். ஒரு தடவை ஊசிக்காரர் காபி குடிக்க வந்ததற்கே பின்வாசல் வழியாக ஷண்முகநதி வரைக்கும் போய்விட்டார். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. நானும் அக்காவும் தென்னங்குச்சியைப் பிடித்துக்கொண்டு, "கம்பல்சரி, கம்பல்சரி" என்று அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்போம். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் வாய் மட்டும்தான் இருக்கும். அதை நான் அப்போது பார்த்தேன். கண்டேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் கடைக்காரர்கள் ஊசி போட்ட சீட்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் திருவிழா லைசன்ஸ் கிடையாது. அப்பாவிடம் ஒவ்வொரு வருஷமும் சீட்டு இருந்தது. எப்படி?

அடிவாரத்து ஊசிக் கொட்டகையின் அமைப்பு அப்படி. ஓலைக் கொட்டகையில் ஒரு பக்கம் ஊசிக்காரர். பக்கத்தில் ஸ்பிரிட் அடுப்பில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருக்கும். நூறு பேருக்கு நாலு ஊசி. முனை மழுங்கினால் சாணைக் கல்லில் ஒரு தேய். குத்தினவுடன் பஞ்சை வைத்து முன்னால் தள்ளுவார். பத்தடி தள்ளி ஒரு மேஜை. அங்கே சீட்டு எழுதுகிறவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெருங்கூட்டம். குத்துகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுதுகிறவர் தலையையே தூக்குவதில்லை. பஞ்சு வைத்த ஒரு கை தெரிந்தால் சரி, பேரென்ன, வயசென்ன, அடுத்த ஆள். ஆகவே ஊசி ஒருவர் கைக்கும், சீட்டு இன்னொருவர் பேருக்கும் போவது எங்கள் ஊரில் சர்வசாதாரணம். மாமியாருக்காக மருமகள் போட்டுக்கொள்வாள். செட்டியாருக்காகக் கணக்குப்பிள்ளை. அதில் யாருக்கும் வெட்கமில்லை. 'ஒரு குடும்பத்துக்கு ஒரு கை' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. கம்பல்சரி என்பதை இவ்வளவு பணிவாகக் கேட்டு, இவ்வளவு நேர்த்தியாக ஏமாற்றிய ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

அப்பாவுக்காகக் கை நீட்டியவர், கடையில் மாவாட்டுகிற பாலசமுத்திரத்து அண்ணன். தனக்கு இடது கையில் ஒன்று, முதலாளிக்கு வலது கையில் ஒன்று. அந்த வருஷம் அவருக்கு விழுந்தது மழுங்கின ஊசி. முதல் குத்தோடு, "எனக்கு ஊர்ல சோலி கெடக்கு" என்று மறுநாள் வெள்ளனே எழுந்து பாலசமுத்திரத்துக்கே நடந்துவிட்டார்.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். அது புதன்கிழமை.

"ஏலே, வெரசா ஒரு ஆளப் புடி. நாளைக்குக் காலைல ஆபீசர் சீட்டுப் பாக்க வாராரு."

"யாரப்பா புடிக்க?"

"எவனாச்சும். கையி இருந்தாப் போதும்."

குதிரை வண்டிக்காரரிடம் போனேன். "குதிரைக்குப் போடுவாகளா? கூட்டிட்டுப் போ தாயி" என்றார். மலையிலிருந்து வாழைத்தார் இறக்குகிற ஆளைக் கேட்டேன். அவர் தாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நீ ஏன் கை நீட்டவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஊசி விஷயத்தில் நான் அப்பனுக்குத் தப்பாத மகள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஊசி போட்டபோது, போடும் முன்பே அழுது, போட்ட பின்பும் அழுது, பக்கத்துப் பிள்ளைக்குப் போட்டதற்கும் சேர்த்து அழுதவள் நான்.

கொல்லையில் அக்கா துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கணக்குப் பரீட்சை. அவள் கண் சிவந்திருந்தது. அதற்கு முதல் நாள்தான் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தாள்: "எட்டோட போதும். ஜூன்லருந்து கல்லாவுல ஒக்காரட்டும். வயசு வந்த பிள்ளைய எங்க அனுப்ப?"

நான் ஆள் கிடைக்காத கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்றுதான் சொன்னேன். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"நான் போட்டுக்கறேன்."

"ஒனக்குத்தான் திங்கக்கெழம போட்டாச்சே!"

"அது என் பேருக்கு. இது அப்பா பேருக்கு. போட்டுக்கிட்டா அப்பாகிட்ட ஒண்ணு கேக்கலாம்ல? அவருக்காக ஊசியே போட்டவ கேட்டா, இல்லைன்னு சொல்ல மாட்டாருல்ல?"

"என்ன கேப்ப?"

"மாமா ஊரு ஹைஸ்கூல்."

எனக்கு அது பிரமாதமான திட்டமாகப் பட்டது. பத்து வயதில் எனக்குப் பிரமாதமாகப் பட்டவற்றைப் பட்டியல் போட்டால் என்னை ஓட்டுப் போடக்கூட விட மாட்டார்கள்.

கொட்டகையில் நெரிசல். ஸ்பிரிட் வாடை, யாரோ குழந்தையின் அலறல். ஊசிக்காரர் அக்காவின் இடது கையைப் பிடித்தார். அங்கே திங்கட்கிழமை ஊசியின் வீக்கம் இன்னும் கன்றிப் போயிருந்தது. அவர் புருவம் ஏறியதைப் பார்த்து நான் முந்திக்கொண்டேன். "அந்தக் கையில கொப்புளம் சார். வலது கையில போடுங்க."

வலது கை என்று சொன்னது நான்தான். அக்கா இல்லை. அவள் வாயைத் திறக்கவே இல்லை. இதை அறுபது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மேஜைக்குப் போனோம். அக்கா பஞ்சை அமுக்கிக்கொண்டு நின்றாள். எழுதுகிறவர் தலை குனிந்தபடியே, "பேரு?" என்றார். நான் அப்பா பெயரைச் சொன்னேன். எங்கள் ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு இருக்கிற பெயர்.

"வயசு?"

"நாப்பத்திரெண்டு."

அவர் எழுதினார். என் கீச்சுக் குரல் ஒரு நாற்பத்திரண்டு வயசு ஆளின் குரலா என்று அந்தப் பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அடுத்த ஆளு" என்றார்.

சீட்டை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "ஆரு போட்டுக்கிட்டா?" என்றார். "ஒரு ஆளுப்பா. அவுகளுக்கு ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். திருநாள் முடியட்டும்னுட்டாக" என்றேன். "கேக்கட்டும், கேக்கட்டும்" என்று அப்பா சீட்டை ஆணியில் குத்தி மாட்டினார். மறுநாள் காலை ஆபீசர் வந்து அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அதே மறுநாள் காலை அக்காவால் பாவாடை நாடாவை முடிய முடியவில்லை. உடம்பு கொதித்தது. வலது கை தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வாழைத்தண்டு மாதிரி. "அம்மாகிட்ட சொல்லாத. சொன்னாப் பரீட்சைக்கு விட மாட்டாக" என்றாள். நான் நாடா கட்டிவிட்டேன். ஜடை பின்னிவிட்டேன், கோணலாகத்தான் வந்தது. மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். வழியில் அவளைச் சிரிக்க வைக்க என்னென்னவோ சொன்னேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

பரீட்சை அறையில் நடந்ததைப் பெரிய டீச்சர்தான் பிறகு சொன்னார். பேனாவைப் பிடித்தாளாம், விரல் மடங்கவில்லை. இடது கைக்கு மாற்றினாளாம். முதல் கணக்கில் ஐந்து வரி எழுதினாள். எல்லா வரியும் கீழே சரிந்துகொண்டே போயிருந்தது. அப்புறம் மேஜை மேலேயே வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்துவிட்டாள்.

பெரிய டீச்சர் அக்காவைக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். பள்ளிக்கூட வாசலில் மைக்கூட்டோடு நின்றிருந்த என்னையும் கூடவே ஏற்றிக்கொண்டிருந்தார். சரியான சாப்பாட்டு நேரம். நாலு வரிசை இலை. அப்பா சாம்பார் வாளியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒங்க பிள்ளைக்கு ரெண்டு கையிலயும் ஊசி போட்டிருக்கு" என்றார் டீச்சர். "ஸ்கூல்ல போட்டது ஒண்ணுதான். இன்னொண்ணு யாரு போட்டா? எதுக்குப் போட்டா?"

அப்பா அக்காவின் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"சொல்லுலே. அது யாரு பேருக்கு?"

"ஒங்க பேருக்குத்தாம்ப்பா."

வாளி கீழே வந்தது. விழவில்லை, அவர் அதை மெதுவாக, ஒரு குழந்தையை இறக்கி வைப்பது போல இரண்டு இலைகளுக்கு நடுவே தரையில் வைத்தார். அக்காவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். ரசத்துக்குக் காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நானும் ஓடத்தான் பார்த்தேன். அதற்குள் பின்னாலிருந்து வந்த அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது என்னை நிறுத்திவிட்டது. "அவுக தம்பி ஒருத்தர் இருந்தாரு டீச்சர். வாந்திபேதி வருஷம். ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்ததே இவுகதான். மறுநாளே போயிட்டாரு. முன்னாடியே நோவு கண்டிருந்திச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இவுகளுக்கு அது ஏறல."

எங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தென்னங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

நான் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆபீசர் மேஜைக்கே போயிருந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆனாலும் தெரு முனைக்குக் கேட்கிற குரல்.

"சார், எழுதிக்கங்க. என் சீட்டு பொய்ச் சீட்டு. எம் பேருக்கு எம் பிள்ள போட்டுக்கிச்சு. வருஷா வருஷம் ஆள் வெச்சுத்தான் போட்டேன். என்னய ஜெயில்ல வைங்க, கடைய மூடுங்க, என்ன வேணாப் பண்ணுங்க. பிள்ளையப் பாருங்க சார், பிள்ளையப் பாருங்க!"

வரிசையில் நின்றவர்களில் பத்துப் பேர் சத்தமில்லாமல் நழுவினார்கள். யார் யாருக்காகக் கை நீட்ட வந்தவர்களோ.

ஆபீசர் இளவயசுக்காரர். அக்காவைப் பெஞ்சில் படுக்க வைத்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். "ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், எறங்கிரும். சின்ன உடம்பு, ரெண்டு ஊசி தாங்கல. அவ்வளவுதான்" என்றார். அப்பா அதை மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை சொல்லும்போது ஆபீசருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

"சரி, இப்ப ஒங்களுக்கு?" என்றார் ஆபீசர். "போட்டுத்தான் ஆகணும். தெரியும்ல?"

அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். இன்னொரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, "குத்துங்க" என்றார். ஊசிக்காரர் குத்தினார். ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாரும் மூச்சு விட்டோம். அப்பா கண்ணைத் திறந்து, "அவ்வளவுதானா?" என்றார். கேட்டுவிட்டு, ஆறடி உடம்பும் நெடுஞ்சாண்கிடையாகச் சீட்டு எழுதுகிறவரின் மேஜை மேல் சாய்ந்தது. மைப்புட்டி கவிழ்ந்து பதிவேடு முழுக்க நீலம். அந்த மனிதர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கடையை மூன்று நாள் மூடச் சொல்லிவிட்டார்கள். திருவிழாவின் உச்சமான மூன்று நாள். சமைத்திருந்ததை அம்மா காவடிக்காரர்களுக்குப் போட்டுவிட்டாள். பெரிய டீச்சர் ஆபீசரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கல்வி ஆபீசுக்கு அனுப்பிப் பார்த்தார். பதில் வந்தது, சுருக்கமாக. உடல்நலக் குறைவுக்கு வருந்துகிறார்கள். ஆனால் கம்பல்சரி பாடத்தில் விடைத்தாள் முழுமையாக இல்லாததால் அடுத்த வருஷம் எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுத வேண்டும். சுகாதாரத்துறையில் அந்தச் சொல்லுக்கு ஆயிரம் ஓட்டை இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் அக்காவின் ஒரு வருஷம் மாட்டிக்கொண்டது.

காய்ச்சல் விட்ட பிறகு ஒரு சாயங்காலம். கடையில் ஆள் இல்லை. அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை. நான் நறுக்குவதாகச் சொல்லிக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா எதிர்ப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கல்லாப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தா, என்னமோ கேக்கணும்னு இருந்தியாமே. என்னது?"

அக்கா குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லப்பா."

"ஏலே, நீ சொல்லு."

"ஹைஸ்கூல்ப்பா. மாமா ஊர்ல. கல்லாவுல ஒக்கார மாட்டாளாம்."

அப்பாவின் முகம் என்னமோ ஆனது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "அட பைத்தியமே" என்றார். "அதுக்கா கையக் குடுத்த? அடுத்த வருசம் எழுதிட்டுப் போ. மாமன்கிட்ட நானே கொண்டாந்து விடறேன்." கொஞ்சம் பொறுத்து, நிஜமாகவே புரியாதவர் மாதிரிக் கேட்டார்: "இத வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே ஆத்தா. கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லிருப்பேன்?"

அவர் அதை முழுசாக நம்பித்தான் கேட்டார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். எட்டோடு போதும் என்று சொன்ன மனிதரை அந்தப் பெஞ்சில் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "சொல்லிருக்க மாட்டீங்கப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் பொய் சொல்கிற வேலையெல்லாம் என்னுடையது. அக்கா சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். இவ்வளவு அழகாகச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் தோள் கீழே இறங்கியது. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, இலையை நேராக நறுக்கப் பார்த்தேன்.